அதியமான் நெடுமான் அஞ்சியும் அவன் குடிவழியும்

சேலத்தினின்றும் வடக்கே செல்லும் பெருவழி தொப்பூர்க் கணவாயைக் கடந்து தருமபுரியை அணுகுமிடத்தில் அதியமான்கோட்டை என்னும் ஊர் ஒன்று உளது. அதனையடுத்த தருமபுரியே சங்கநூல்கள் கூறும் தகடூராகும். 1965 ஆம் ஆண்டு வரையில் அந்நிலப்பகுதி நம் சேலம் மாவட்டத்தோடு ஒன்றியிருந்தமையின், தகடூர்த் தலைவனை நம் நாட்டவன் என்று யாம் உரிமையோடு கூறுதல் தகும். ஔவைக்கு நெல்லிக்கனி ஈந்தவன் என்ற அளவில் அதியமானை அறியாத தமிழ்ச் சிறார் இலர். ஆயின், அவன் முன்னோர் யாவர், அவன் மாய்ந்தபின் அவன் குடி யாதாயிற்று என்று வினவின், தமிழ் பயில்வாருள்ளும் விடை கூறுவார் சிலரே. ஒரு கனியின் புகழ் ஒரு குடியின் வரலாற்றையே மறைத்துவிட்டது போலும்!

பழங்குடிகளின் வழிமுறையை ஆராய்தல் எந்நாட்டிலும் இடர்மிக்க பணியே. ஸ்காத்துலாந்து நாட்டில் 1249 ஆம் ஆண்டில் மூன்றாம் அலெக்சாந்தர் என்னும் இளவரசன் முடிசூடியபொழுது, மலைநாட்டுப் பாணன் ஒருவன் அவன்முன் நின்று, அவன் முன்னோர் பெயர்களை ஒருவர்பின் ஒருவராகக் கேலிக்கு மொழியில் ஓதினான் என்று அந்நாட்டு வரலாறு கூறும். அந்நாட்டுச் சிறு பிரபுக்களின் வழிமுறையோ, நிலக்கொடை ஓலைகளிலும் மடங்களின் ஏடுகளிலும் சிதறிக் கிடக்கும் பெயர்களைக் கொண்டே கோக்கப்பட வேண்டியதாயிற்று. நம் நாட்டில் ஓலைக்கு ஈடாகக் கல்லும் செம்பும் உள. பாணனுக்கு ஈடாகப் புலவர் உளர். எனினும் புலவர் தந்தைக்குப்பின் மகன் என்று நிரல்படக் கூறுவாரல்லர். தாம் கண்ட தலைவன் ஒருவனையே பாடுவர். ஆதலின், பாட்டையும் கல்லையும் அருகருகே வைத்து நோக்கினாலன்றி அதியர் குடியின் வரலாறு புலப்படாது.

முதற்கண் அஞ்சியின் முன்னோரைக் காண்போம். புறநானூற்றில் ஔவையார் அவர்களைப் பற்றிக் கூறுவன சில குறிப்புக்களே. அவர்கள் தேவரைப் போற்றி வேள்வி செய்தனர். கடலுக்கு அப்பாலிருந்து கரும்பினைக் கொணர்ந்து இந்நாட்டிற் பயிரிட்டனர். இன்றும் காவிரி பாயும் மோகனூர், பரமத்தி வேலூர்ப் பக்கங்களிற் கரும்பு விளையும் கழனிகளைக் காண்போர்க்கு இக்குறிப்பு இனிமை பயக்கும். இன்னும் ஒரு செய்தி: அதியர்க்கு உரியதாகச் சொல்லப்படுவது பனந்தோடு. அது சேரவேந்தரின் அடையாள மாலை. இதுகொண்டு அதியர் சேரர் குடியின் ஒரு கிளையினர் என்று அறிஞர் பலர் கருதுவர். இக்கருத்தை மனத்திற் கொள்க. பின்னர் இது பயன்படும்.

புலவர் பாட்டினும் பழமையான சான்று ஒன்று வடநாட்டினின்று கிடைக்கின்றது. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அசோக மன்னன் வெட்டுவித்த பாறைச் சாசனங்களுள் இரண்டாவது, தன் ஆட்சிக்கு உட்படாத தென்னாட்டாரைக் கூறுமிடத்துச் சோழர், பாண்டியர், கேரளபுத்திரர் ஆகியோரோடு சத்தியபுத்திரர் என்பாரையும் கூறுகின்றது. முதல் மூவரும் மூவேந்தர் என்பது தெளிவு. நான்காமவர் யாவர்? இவ்வினா பல்லாண்டுகளாக அறிஞரை வருத்தியது. சத்தியமங்கலத்தார் என்றனர் சிலர். காஞ்சியார் என்றனர் சிலர். துளுநாட்டவர் என்றும், வாய்மை தவறாத கோசர் என்றும் கூறினாரும் உளர். மொழிநூலறிஞர் பர்ரோ போன்றார் சிலர், அவர் அதியமான் குடியினரே என்று சொல்லமைதி கொண்டு வாதித்தனர். சேரமான் என்பது சேரமகன் என்பதன் திரிபு. அதனையே வடவர் கேரளபுத்திரர் என்று மொழிபெயர்த்தனர். அம்முறையே அதியமான் என்பது அதியமகன் ஆகும். சொன்முதற் சகரம் தமிழிற் கெடுதல், சிறகு இறகு என்றும் சமணர் அமணர் என்றும் வருவனவற்றால் அறியப்படும். ஆகவே சதிய என்பதும் அதிய என்பதும் ஒன்றே என்பது அன்னார் துணிபு. வாதம் நுண்ணியதே; ஆயினும் கல் ஒன்று சான்று கூறும்வரை அது வாதமாகவே நின்றது.

இனி அஞ்சியின் வாழ்க்கையைக் காண்போம். அவன் மழவர் என்னும் வீரக்குடியினர்க்குத் தலைவன், குதிரைமலைக்கு உரியவன். பேகன், பாரி, காரி, ஆய், நள்ளி, ஓரி என்பாரோடு எண்ணப்படும் வள்ளல் எழுவருள் ஒருவன். அவனை நமக்கு உயிரோடு காட்டுபவர் ஔவையாரே. புறநானூற்றில் இருபதின்மேற்பட்ட பாட்டுக்கள் அவனையும் அவன் மகனையும் பற்றி அவர் பாடியனவாக உள்ளன. ஒரு புலவர்க்கும் ஒரு தலைவனுக்கும் இடையே இத்துணை நெருங்கிய கேண்மை, கபிலர்க்கும் பாரிக்கும் அன்றி வேறெங்கும் காண்டற்கு அரிது.

அக்கேண்மை பிணக்கோடு தொடங்கியது போலும். பரிசில் நாடிச் சென்ற ஔவையார்க்கு அஞ்சி உடனே பரிசில் தந்தானல்லன். பரிசில் பெற்றால் அவர் பிரிந்து செல்வரே என்று அவன் காலம் நீட்டித்தான் என்பர் உரைகாரர். ஔவையாரோ அதனை அறியாது வெகுண்டார். வாயில்காவலனை விளித்து, உன் தலைவன் தன்னையும் அறியானோ, என்னையும் அறியானோ என்று வினவினார். கோடரி ஏந்திய தச்சனுக்குக் காட்டில் மரத்திற்குக் குறைவில்லாதவாறு போலக் கல்வியுடையார்க்கு எத்திசைச் செல்லினும் உணவு கிடைக்கும் என்று கூறிப் புறப்படத் துணிந்தார். பொருளுடையான்முன் கற்றவர் தலைநிமிர்ந்து நின்றதற்கு இதனினும் சிறந்த சான்று நம் இலக்கியத்தில் உண்டோ என ஐயுறுகின்றேன். பின்னர் அவனை உள்ளவாறு அறிந்த ஔவையாரே, ஒருநாளன்றிப் பலநாள் செல்லினும், பலரோடு செல்லினும், முதல்நாட் காட்டிய அன்பையே அவன் காட்டுவான் என்று பாடினார். அவன் பரிசில் நீட்டித்தாலும், யானை தன் கொம்புகளிடையே வைத்த கவளம்போல அது தப்பாது கைக்கு வரும் என்றும் ஆறுதல் கூறினார்.

நெல்லிக்கனியின் கதையை யாவரும் அறிவர். எனினும் அதில் ஒரு நுட்பம் கருதத்தக்கது. பெரிய மலையின் பிளவில், ஏறுதற்கு அரிய இடத்தில் இருந்த கனி அது. உண்டாரை நெடுநாள் வாழ்விப்பது. அதன் அருமையை அவன் சொன்னானல்லன்; அதனால் வரும் பேற்றையும் கூறாது உள்ளடக்கி, ஔவையார்க்கு ஈந்தான். கூறியிருப்பின் அவர் உண்ண மறுத்து அவனையே உண்ணச் செய்திருப்பார் அன்றோ? ஈகையினும் அம்மறைப்பே பெரிது என்று எனக்குத் தோன்றுகின்றது. போர்த்தொழிலே தொழிலாக உடையானொருவன், தன் வாழ்நாள் நீளும் வாயிலைத் தானே அடைத்துக்கொண்டான்.

அவன் போர்கள் பல. அவற்றுள் தலையாயது, வேந்தரும் வேளிருமாகிய எழுவர் ஒருங்கே எதிர்த்தபொழுது அவன் தனித்து நின்று பொருது வென்றது. மற்றொன்று, மலையமான் திருமுடிக்காரியின் ஊராகிய கோவலூரை அவன் அழித்தது. அவ்வெற்றியைப் பரணர் பாடினார் என்று ஔவையார் குறிக்கின்றார். போரிற் புண்பட்டு மீண்ட அவனைக் கண்டு அவர் மகிழ்ந்து பாடியதும் உண்டு. நோயுற்று இறந்த மன்னரைத் தருப்பைப் புல்லிற் கிடத்தி வாளாற் கீறி அடக்கம் செய்யும் பழைய வழக்கத்தை அப்பாட்டால் அறிகின்றோம். நீராடும்பொழுது ஊர்ச்சிறுவர் தன் கொம்பைக் கழுவ விட்டு அமைந்திருக்கும் யானை, மதங்கொண்டக்கால் அணுக வொண்ணாதாம். அஞ்சியும் அத்தகையனே என்பது அவர் கருத்து.

கோவலூர் வெற்றியை ஈண்டு வற்புறுத்தற்குக் காரணம் உண்டு. 1981 ஆம் ஆண்டில், திருக்கோவலூரை அடுத்த சம்பை என்னும் ஊரின் மலைக்குகை ஒன்றில் தமிழ்நாடு அரசின் தொல்பொருள் ஆய்வுத் துறையினர் தமிழ்ப் பிராமி எழுத்தில் அமைந்த ஒருவரிச் சாசனத்தைக் கண்டனர். சதியபுதோ என்ற பட்டத்தையுடைய அதியன் நெடுமான் அஞ்சி என்பான் கொடுத்த பள்ளி அது என்பதே அதன் பொருள். பள்ளி என்றது துறவிகள் தங்கும் கற்படுக்கையுள்ள குகையை. அச்சாசனத்தின் காலம் கி.பி. முதல் நூற்றாண்டை ஒட்டியது என்பர் ஐராவதம் மகாதேவன். ஒரே வரியிற் பல ஐயங்கள் தீர்ந்தன. பாட்டிற் கண்ட அஞ்சி புலவர் புனைந்த உருவல்லன், கல்லிற் பெயர் பொறித்த மெய்யான தலைவன் என்பது ஒன்று. அசோகன் கூறிய சத்தியபுத்திரர் அதியரே என்பது மற்றொன்று. தகடூரிலிருந்து வெகுதொலைவில், காரியின் நாட்டில் அவன் குகைக்கொடை செய்தான் எனின், கோவலூர்வரை அவன் கை நீண்டிருந்தது என்பது மூன்றாவது. 1894 ஆம் ஆண்டில் புறநானூற்றை அச்சேற்றிய சாமிநாதையர் அவர்கள் இக்கல்லைக் காண இருந்திருப்பின் எத்துணை மகிழ்ந்திருப்பார்!

அஞ்சி போரை விரும்பியவன் என்று மட்டும் கூறின் அது முறையாகாது. தொண்டைமானுக்கும் அவனுக்கும் பகை மூண்டபொழுது ஔவையாரைத் தூதாக விடுத்தான். படைவலியாற் செருக்கிய தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலை அவர்க்குக் காட்டினான். நெய்பூசி, மயிற்பீலி சூட்டி, அழகாக அடுக்கிய வேல்களைக் கண்ட ஔவையார் அவற்றைப் புகழ்வார்போலப் புகழ்ந்து, எம் தலைவன் வேல்களோ பகைவரைக் குத்தி நுனி முரிந்து கொல்லன் உலைக்களத்தே கிடக்கின்றன என்றார். தன் நாட்டு அமைதியை ஒரு பெண்பாற் புலவரின் நாவில் ஒப்படைத்த தலைவன் அஞ்சி ஒருவனே.

அவனுக்கு மகன் பிறந்தபொழுதும் அவன் போர்க்கோலத்தோடே வந்து அம்மகனைக் கண்டான். கையில் வேல், காலிற் கழல், மெய்யில் வியர்வை, கழுத்திற் பசும்புண். பகைவரை நோக்கிய கண்ணின் சிவப்பு, மகனை நோக்கியபொழுதும் மாறவில்லையாம். அஞ்சியின் மகனாக நூல்களில் அறியப்படுபவன் பொகுட்டெழினி. எழினி என்னும் இப்பெயரையும் படிப்போர் மறவாதிருப்பாராக.

இனி அவன் முடிவு. நாமக்கல்லுக்குக் கிழக்கே தோன்றும் கொல்லிமலை அக்காலத்தில் வல்வில் ஓரிக்கு உரியது. மலையமான் காரி ஓரியைக் கொன்று அம்மலையைச் சேரனுக்கு அளித்தான். இதனால் சேரரின் கை கொல்லிக்கு வந்தது. கொல்லியிலிருந்து தகடூர் நெடுந்தொலைவன்று. காரியோ அஞ்சியாற் கோவலூரை இழந்தவன். பகை முதிர்ந்து பெருஞ்சேரல் இரும்பொறை படையெடுத்தான். சோழனும் பாண்டியனும் அதியமானுக்குத் துணையாக நின்றனர். கொல்லிக் கூற்றத்தே நிகழ்ந்த போரில் சேரன் மூவரையும் ஒருங்கே வென்று அவர்தம் முரசையும் குடையையும் கைக்கொண்டான். பின்னர்த் தகடூர்க் கோட்டையையும் அழித்தான். இவ்வெற்றியை அரிசில்கிழார் பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்தாற் சிறப்பித்தார். தகடூர்யாத்திரை என்றொரு தனிநூலும் இப்போர்மேல் எழுந்தது. அது முழுவதும் கிடைக்கவில்லை. உரைகளிலும் தொகைநூலிலும் சிதறிய செய்யுட்களே எஞ்சின. அரசியற் போர்களுக்கு நூல்கள் தோன்றுதலும், அந்நூல்கள் கறையானுக்கு இரையாதலும் நம் நாட்டிற் புதியனவல்ல.

சேரனைப் பாடிய அரிசில்கிழாரே, தகடூர்ப் போரில் வீழ்ந்த எழினிக்கு இரங்கியும் பாடினார். அவன் காவலிற் கன்றோடு கூடிய ஆனிரை காட்டிலே அஞ்சாது தங்கும். வழிச்செல்வோர் தாம் விரும்பிய இடத்திலே தங்குவர். அத்தகையானைக் கொண்ட கூற்றம், விதைநெல்லையே உண்ட உழவனைப் போலத் தன் இழப்பைத் தானே தேடிக்கொண்டது என்று அவர் கூற்றுவனை நொந்தார். வென்றவனிடம் பரிசில் பெற்ற புலவர் தோற்றவனுக்காக அழுதது நினைத்தற்குரியது. அவ்வெழினி அஞ்சியே என்பார் ஒருசாரார். அஞ்சியின் மகன் என்பார் மற்றொரு சாரார். அஞ்சி வேறு போரிலே முன்னரே மாய்ந்தான் என்று கொள்வாரும் உளர். இவ்வழக்கில், ஔவையார் தம் கையறுநிலைப் பாட்டுக்களில் யாண்டும் தகடூரைக் குறியாமையின், எழினி மகனே எனக் கொள்வதே எனக்குப் பொருத்தமாகத் தோன்றுகின்றது. பிறர் வேறு கொள்வாராயின் மறுத்தற்கு வலிய சான்று என்பால் இல்லை.

எவ்வாறாயினும், அஞ்சியின் மார்பிற் பாய்ந்த வேல் பாணர் கையிலிருந்த பாத்திரத்தையும் துளைத்தது என்று ஔவையார் கதறினார். சிறிது கள் இருப்பின் தமக்கே கொடுத்தான், மிகுதியாக இருப்பின் தாம் பாடத் தானும் உடனுண்டான் என்று நினைந்து நினைந்து உருகினார். அவனுக்கு நடுகல் நட்டனர். பீலி சூட்டிச் சிறு கலத்திற் கள் உகுத்தனர். மலையோடு கூடிய நாட்டையே கொடுப்பினும் கொள்ளாதவன், இச்சிறு கலத்துக் கள்ளைக் கொள்வானோ என்று அவர் வினவினார். இன்றும் தருமபுரி நிலப்பகுதி நடுகற்கள் மிக்க நாடாக விளங்குகின்றது.

ஈண்டு நூல்கள் வாய்மூடுகின்றன. தகடூர் அழிந்தபின் அதியர் குடியும் அழிந்தது என்று கருதுவார் நாமக்கல்லுக்கு வருக. ஊர் நடுவே ஒரே கல்லாக எழுந்து நிற்கும் மலையின் இருபுறத்தும் இரு குடைவரைக் கோயில்கள் உள. மேற்கே நரசிம்மர், கிழக்கே அரங்கநாதர். அரங்கநாதர் குகையிலே கிரந்த எழுத்திற் பொறித்த வடமொழிச் சாசனம் அக்கோயிலை அதியேந்திர விஷ்ணுக்கிருகம் என்று பெயரிட்டு அழைக்கின்றது. அதனைக் குடைவித்தவன் அதிய குலத்திற் பிறந்த குணசீலன் என்பான். காலம் கி.பி. எட்டாம் நூற்றாண்டு. எனவே, அஞ்சிக்கு ஏறக்குறைய எழுநூறு ஆண்டுகட்குப்பின் அப்பெயர் தாங்கிய குடி காவிரிக்கரை நோக்கி வந்து ஆட்சி செய்தது தெளிவு. அக்குகையில் அரவணையிற் கிடக்கும் திருமாலின் உருவத்தைக் காண்போர் பலர். சுவரிலுள்ள எழுத்தைக் காண்போர் சிலர்.

அக்காலத்து அதியர் சிறியரல்லர் என்பதற்குப் பகைவரே சான்று பகர்கின்றனர். பாண்டியன் நெடுஞ்சடையனின் செப்பேடு, அவன் ஆயிரவேலி, அயிரூர், புகழியூர் என்னும் இடங்களில் அதியனைப் புறங்கண்டான் என்றும், அதியனுக்குத் துணையாகப் பல்லவனும் சேரனும் வந்தனர் என்றும் கூறுகின்றது. பழைய போரிற் சேரன் பகைவன், பாண்டியன் துணைவன். இப்போரிற் பாண்டியன் பகைவன், சேரன் துணைவன். அரசியலில் உறவும் பகையும் மாறுதற்கு எழுநூறு ஆண்டுகள் வேண்டுவதில்லை. எழுபது நாளும் போதும்.

அதன்பின் ஒன்பதாம் நூற்றாண்டில் தகடூர் நுளம்பர் கைப்பட்டது. பின்னர்ச் சோழப் பேரரசின்கீழ் அதியர் சிற்றரசராக மீண்டும் தோன்றுகின்றனர். ஏறக்குறைய 1116 ஆம் ஆண்டில் சோழர்க்காகக் காவிரியின் தலைக்காட்டைக் காத்து நின்றவன் அதியமான் ஒருவனே. ஹொய்சள மன்னன் விஷ்ணுவர்த்தனனின் தானைத் தலைவன் கங்கராசன் ஊரை ஒப்படைக்குமாறு கேட்டபொழுது, பொருதே கொள்க என்று அவன் விடையிறுத்ததாகப் பகைவரின் கன்னடச் சாசனமே கூறும். தலைக்காடு வீழ்ந்தது. பெயர் தவிர அவனைப்பற்றி நாம் அறிவது இவ்வொரு விடையே. அஞ்சியின் வழியினன் என்று கொள்ளுதற்கு உள்ளம் இதனால் தூண்டப்படுமேனும், வரலாற்றிற்கு உள்ளத்தின் விழைவு சான்றாகாது. குணசீலனுக்கும் இவனுக்கும் இடையிலும், அஞ்சிக்கும் குணசீலனுக்கும் இடையிலும் தந்தை மகன் என்று கோக்கத்தக்க ஒரு பெயரேனும் இல்லை. குடிப்பெயரும் நாடும் தொடர்ந்தன. குருதி தொடர்ந்ததா என்பது வேறு வினா. ஒரு நாட்டைக் கைக்கொண்டவன் அந்நாட்டின் பழைய புகழ்ப்பெயரையும் சேர்த்துக் கைக்கொள்ளுதல் உலகெங்கும் நிகழ்வதே.

ஆயினும் இக்குடியினர் தாமே தம் முன்னோரை நினைந்து கூறிய சொல் ஒன்று உளது. போளூரை அடுத்த திருமலை என்னும் சமணக் குன்றிலே, மூன்றாம் குலோத்துங்க சோழன் காலத்தவனாகிய விடுகாதழகிய பெருமாள் என்னும் தகடூர்த் தலைவன் தமிழிலும் வடமொழியிலும் சாசனம் பொறித்தான். தந்தை பெயர் இராசராச அதிகன். சேரர் குலத்து எழினி என்பான் பண்டு அங்கு நிறுவிய இயக்கன், இயக்கி உருவங்கள் சிதைந்தமையின், அவன் வழிவந்த தான் அவற்றைப் புதுக்கி மலைமேல் வைத்ததாக அவன் உரைக்கின்றான். எறிமணி ஒன்று அளித்தான், கால்வாய் ஒன்றும் வெட்டுவித்தான். பனந்தோட்டால் நாம் ஊகித்த சேரர் தொடர்பைப் பதின்மூன்றாம் நூற்றாண்டின் அதியன் தன் வாயாலேயே கூறுகின்றான். சங்கப்பாட்டில் மட்டும் நாம் கண்ட எழினி என்னும் பெயர், ஆயிரம் ஆண்டுகட்குப் பின்னும் அக்குடியில் முன்னோன் பெயராக நினைக்கப்பட்டது. வடமொழிப் பகுதியை எழுதிய புலவர் அப்பெயரையும் மொழிபெயர்க்காமல் விட்டாரல்லர். எழினி என்றால் திரைச்சீலை. ஆகவே எழினியை யவனிகா என்றார். விடுகாதழகிய பெருமாளையும் தொங்கும் செவிகளால் ஒளிர்பவன் என்னும் பொருளில் வியாமுக்த சிரவணோஜ்ஜ்வலன் ஆக்கினார். தமிழ்ப்பகுதி அருகே இல்லாதிருப்பின், யவனிகா என்பான் நம் அதியர் எழினியே என்று எவரால் கண்டிருக்க இயலும்?